பாயா லாடாவில் ரயில் நின்ற காலம்

போன மாதம் லாபிஸ் ஸ்டேசனில் என் பழைய சிநேகிதர் ஒருவர் ஓய்வு பெற்றார். தேநீர் விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள், போனேன். பேச்சோடு பேச்சாக, "நான் பாயா லாடாவில் இருந்தபோது" என்று ஆரம்பித்தேன். புதிதாக வந்திருக்கும் உதவி ஸ்டேசன் மாஸ்டர் என்னை நிறுத்தினார்.

"எந்த லாடா, ஐயா? அப்படி ஒரு ஸ்டேசன் இந்த லைன்லயே இல்லையே. எல்லா ஸ்டேசன் பேரையும் மனப்பாடம் பண்ணித்தான் நான் பரீட்சை எழுதினேன்."

"பாயான்னா ஆட்டுக்கால் சூப்பு லா. ஐயா எங்கயோ நல்லா சாப்பிட்டிருக்காரு," என்றார் பக்கத்தில் இருந்த கிளார்க்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசு கேட்கவில்லை. என் இளமை முழுவதும் போனது அந்த ஸ்டேசனில். என் மூன்று பிள்ளைகளும் பிறந்தது அங்கே. இல்லவே இல்லை என்று சொன்னால் எப்படி? அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

பாயா என்றால் மலாயில் சதுப்பு நிலம். லாடா என்றால் மிளகு. எங்களுக்கு முன்பு சீனர்கள் அங்கே மிளகும், வெற்றிலையோடு மெல்லும் காம்பீர்ச் செடியும் போட்டிருந்தார்கள். மண் சத்துப்போனதும் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். ஜோகூர் வழியாக ரயில் பாதை வந்து, காட்டை வெட்டி ரப்பர் வைத்தபோது, இரண்டு எஸ்டேட்டுகளுக்கும் ஒரு மலாய்க் கம்பத்துக்கும், அதாவது கிராமத்துக்கும், பொதுவாக ஒரு ஸ்டேசன் வேண்டியிருந்தது. சதுப்புக்கு நடுவே மண்ணைக் கொட்டி மேடாக்கி, பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒன்றைக் கட்டினார்கள். மழை பெய்தால் அந்தக் கூரையடியில் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. பயணிகள் சைகையில்தான் டிக்கெட் கேட்பார்கள்.

நான் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவன். கங்காணியோடு ஒரு வாய்த்தகராறு. கத்தியைப் போட்டுவிட்டுத் தண்டவாளத்தோடு நடந்தேன். தண்டவாளம் பார்க்கும் கேங்கில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தார்கள், சேர்ந்தேன். சரளைக்கல் அள்ளினேன், பிறகு போர்ட்டர் ஆனேன், விளக்குத் துடைத்தேன். பரீட்சை வைத்துப் பாயிண்ட்ஸ்மேன் ஆக்கினார்கள். ரயில் எந்தத் தண்டவாளத்தில் போகவேண்டுமோ அதற்கு வழி திருப்பிவிடும் வேலை. சொல்வதற்குச் சின்ன வேலை. தப்பாகத் திருப்பினால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எங்கள் ஸ்டேசன் மாஸ்டர் நாகலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக் கோட்டைக் கழுத்து வரைக்கும் பொத்தான் போட்டுத்தான் வெளியே வருவார். அந்த வெயிலில் நாங்கள் சட்டையே பாரம் என்று இருப்போம், அவர் நெற்றியில் ஒரு துளி வியர்வை இருக்காது. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஓடியும் பார்த்ததில்லை. "ஸ்டேசன் மாஸ்டர் ஓடினால் சனம் பயந்துபோகும்," என்பார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த உத்தரவு கொடுத்தாலும், "என்ன சொன்னனான்? திருப்பிச் சொல்லு," என்று கேட்பார். விளக்கைத் துடை என்றாலும் திருப்பிச் சொல்லவேண்டும். டீ வாங்கி வா என்றாலும் திருப்பிச் சொல்லவேண்டும். முதல் வருசம் எனக்கு எரிச்சலாக வந்தது. வீட்டில் என் மனைவி காய் வாங்கி வரச் சொன்னால் அவளுக்கும் திருப்பிச் சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அவளுக்கு நான் கேலி செய்கிறேன் என்று கோபம்.

எங்களுடையது ஒற்றைத் தண்டவாளம். இரண்டு ஸ்டேசனுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். அதற்கு அத்தாட்சியாக டோக்கன் என்று ஒரு பித்தளைத் துண்டு உண்டு. அது கையில் இல்லாமல் டிரைவர் ரயிலை எடுக்கக் கூடாது. நிற்காமல் போகும் ரயிலுக்கு, பெரிய பிரம்பு வளையத்தில் டோக்கனைத் தோல் பையில் வைத்துக் கட்டி, நான் பிளாட்பார ஓரத்தில் தூக்கிப் பிடிப்பேன். டிரைவர் கையை நீட்டி வளையத்துக்குள் விட்டு எடுத்துக்கொண்டே பழைய வளையத்தை என் பக்கம் எறிவார். என் இடது தோளில் இன்றைக்கும் அந்தத் தழும்பு இருக்கிறது. மாஸ்டர் ஒவ்வொரு டோக்கனையும் வெளிச்சத்தில் பிடித்து, அதில் வெட்டியிருக்கும் ஸ்டேசன் பெயரை வாய்விட்டுப் படித்துத்தான் கொடுப்பார். வருசக்கணக்காக ஒரே பெயர்தான். என்றாலும் படிப்பார்.

மாஸ்டரின் மனைவி பெயர் பாக்கியம். நாங்கள் அம்மா என்போம். ரயிலை அவர் கோச்சி என்பார். அவருக்குக் கோச்சியும் பிடிக்காது, டுரியான் பழ நாற்றமும் பிடிக்காது. இரண்டும் அவர் வீட்டு வாசலிலேயே இருந்தன. ஸ்டேசன் ஓரமாகச் சரக்கு வேகன்கள் நிற்க ஒரு சைடிங் உண்டு, முட்டுச் சந்து மாதிரி. அதன் கடைசியில் வேகன் தாண்டிப் போகாமல் இருக்கக் கனத்த கட்டைகளால் ஒரு தடுப்பு. அந்தத் தடுப்புக்கு அப்பால் நேராக மாஸ்டர் வீட்டின் அடுப்படி. சிங்கப்பூருக்குக் கடல்பாலம் திறந்த பிறகு, காய்க்கும் காலத்தில் கம்பத்து டுரியான் எல்லாம் வேகனில் நேராகச் சிங்கப்பூர் போக ஆரம்பித்தது. ஆபீசுக்கு நாற்றம் வரக்கூடாது என்று மாஸ்டர் அந்த வேகனைச் சைடிங்கின் கோடியில் நிறுத்தச் சொன்னார். ஆபீசுக்கு வரவில்லை. அடுப்படிக்குப் போனது.

"உங்கட மாஸ்டருக்கு மூக்கு இருக்கிறது ஆபீசில மட்டுந்தான்," என்பார் அம்மா.

டுரியான் ஏற்றுகிறவர் பாக் சாலே. கம்பத்தில் எல்லோருக்கும் பெரியவர் என்பதால் பாக். குட்டையான மனிதர், வாய் ஓயாது. எங்களோடு இருந்து இருந்து தமிழ் பாதி, மலாய் பாதி என்று பேசுவார்.

ஒரு ஆடி மாதம். பக்கத்து ஊர் மாரியம்மன் கோயிலில் திருவிழா. காலைப் பாசஞ்சர் முழுக்கத் திருவிழா ஜனம். குழந்தைகள், காவடிக் கட்டைகள், சட்டி பானைகள், ஒரு உறுமி மேளம்கூட. அந்த ரயில் பிளாட்பாரத்தில் நின்றது. எதிரே தெற்கிலிருந்து மெயில் டோக்கன் வாங்கிப் புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. அதற்காக, ஸ்டேசனுக்குள் மட்டும் இருந்த இரண்டாவது லைனைக் காலியாக வைத்திருந்தோம். சைடிங்கில் பாக் சாலேயும் அவர் ஆட்களும் டுரியான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

ஆபீசில் தந்திக் கருவி கடகடவென்று அடித்தது. மாஸ்டர் வெளியே வந்தார். நடந்துதான் வந்தார். கோட்டின் மேல் பொத்தானைச் சரி செய்துகொண்டே என்னிடம் சொன்னார்:

"வேலு, மேல் ஸ்டேசனில இருந்து மூண்டு வேகன் கழண்டு வருது. மரம் ஏத்தினது."

மேல் ஸ்டேசன் மேட்டில் இருந்தது. அங்கிருந்து எங்கள் ஊர் வரைக்கும் ஒரே சரிவு. பெரிய காட்டு மரங்கள் ஏற்றிய மூன்று வேகன்கள், ஆளில்லாமல், பிரேக் இல்லாமல், நேராக எங்களை நோக்கி. பிளாட்பாரத்தில் நிற்கும் பாசஞ்சரில் அடித்தால் என்ன மிஞ்சும்?

"ரெண்டாவது லைன்ல விட்டுரலாமா மாஸ்டர்?"

"விட்டா அங்கால போய் மெயிலோட முட்டும்."

அவர் சைடிங்கைப் பார்த்தார். டுரியான் வேகன், அதற்குப் பின்னால் கட்டைத் தடுப்பு, அதற்குப் பின்னால் அவருடைய அடுப்படி. கூரையில் புகை வந்துகொண்டிருந்தது. ஒரு மூச்சு விடும் நேரம் அந்தப் புகையைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

"சைடிங்கைத் திற. என்ன சொன்னனான்? திருப்பிச் சொல்லு."

"மாஸ்டர், வீட்ல அம்மா இருக்காங்க..."

"திருப்பிச் சொல்லு."

"சைடிங்கைத் திறக்கணும்."

"போ."

ஓடினேன். சைடிங் பிரியும் இடம் ஸ்டேசனின் வடக்குக் கோடியில். அங்கே லீவருக்கு ஒரு பூட்டு. அதைத் திறந்து, லீவரை இழுத்து அந்தப் பக்கம் சாய்க்கவேண்டும். சாய்த்தால் மட்டும் போதாது. தண்டவாளத்தின் கூர்முனை பெரிய தண்டவாளத்தோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டும். ஒரு கூழாங்கல் நடுவில் இருந்தாலும் வேகன் தடம் புரண்டு பாசஞ்சர் மேலேயே சாயும். குனிந்து பார்த்தேன். ஒட்டியிருந்தது. பூட்ட நேரமில்லை. லீவர் திரும்பி எழாமல் இருக்க அதன் மேல் என் உடம்பைப் போட்டுப் படுத்துக்கொண்டேன். காதுக்குப் பக்கத்தில் தண்டவாளம் பாடிக்கொண்டிருந்தது. வேகன் கண்ணுக்குத் தெரியும் முன்னே அந்தச் சத்தம் வந்துவிடும்.

அங்கிருந்து ஸ்டேசன் எனக்கு நன்றாகத் தெரிந்தது. மாஸ்டர் பிளாட்பாரத்தில் நின்று பாக் சாலேயைப் பார்த்து மலாயில் கத்தினார். அவர் கத்தி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "ஆளை இறக்கு! என் வீட்டுக்கு ஓடு!" அவரே ஏன் போகவில்லை என்றால், பாசஞ்சரில் இருந்த ஜனம் என்னவோ ஏதோ என்று சைடிங் பக்கமாகக் குதித்து இறங்கப் பார்த்தது. குதித்தால் நேராக வேகனுக்கு அடியில். அவர் பெட்டிப் பெட்டியாகக் கதவை அடைத்துக்கொண்டு, "ஒருத்தரும் இறங்கக் கூடாது, இருங்கோ, இருங்கோ," என்று சொல்லிக்கொண்டே நடந்தார்.

வீட்டில் நடந்ததைப் பிற்பாடு அம்மாவும் பாக் சாலேயும் சொல்லித் தெரிந்துகொண்டேன். பாக் சாலே அடுப்படி வாசலில் போய் நின்று, "லாரி! மிசி, லாரி! லாரி!" என்று கத்தியிருக்கிறார். மிசி என்பது அவர் அம்மாவைக் கூப்பிடும் மரியாதை. மலாயில் லாரி என்றால் ஓடு. அம்மாவுக்கு அது எங்கே தெரியும்? கடைச் சாமான் கொண்டு எஸ்டேட் லாரி வந்திருக்கிறது என்று நினைத்து, "பின்னால கொண்டுபோய் இறக்கச் சொல்லு, நான் புட்டு அவிக்கிறன்," என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லியிருக்கிறார்.

அந்நியப் பெண்ணைக் கையைப் பிடித்து இழுப்பது பாக் சாலேயால் முடியாத காரியம். என்ன செய்வது? கண்ணில் பட்டது அம்மாவின் வெற்றிலைத் தட்டம். கல்யாணத்துக்கு அவர் தாய்வீட்டில் கொடுத்தது, பித்தளை, தினமும் புளி போட்டுத் துலக்குவார். பாக் சாலே அதை எடுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தார்.

"கள்ளன்! கள்ளன்!" என்று அகப்பையோடு அம்மா துரத்தினார்.

"லாரி! லாரி!" என்று பாக் சாலே முன்னால் ஓடினார்.

வீட்டைத் தாண்டி, வேலியைத் தாண்டி, ஜம்பு மரத்தடிவரை ஓடினார்கள். அங்கே அம்மா அகப்பையால் அவர் முதுகில் ஒன்று போட்டார். அந்த நேரம்தான் மூன்று வேகன்களும் என்னைக் கடந்தன. அந்தக் காற்று என் தலைப்பாகையைக் கொண்டுபோனது. சைடிங்கில் இறங்கி, டுரியான் வேகனில் இடித்து, அதைத் தள்ளிக்கொண்டே போய், தடுப்புக் கட்டையை ஈர்க்குச்சி மாதிரி உடைத்து, அடுப்படிச் சுவருக்குள் பாதி நுழைந்து நின்றன. தகரமும் பலகையும் விழும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. பிறகு அந்த வாசனை வந்தது.

நான் லீவரை விட்டு எழுந்து ஓடினேன். எனக்கு முன்னால் இன்னொருவர் ஓடிக்கொண்டிருந்தார். தொப்பி இல்லை, கோட்டு பறக்கிறது, ஒரு காலில்தான் சப்பாத்து. நாகலிங்கம் மாஸ்டர். அப்படி ஓடியவர் சரக்குக் கொட்டகை மூலையில் திரும்பியதும், ஜம்பு மரத்தடியில் அம்மா நிற்பதைப் பார்த்தார். நின்றார். சுவரில் கையை ஊன்றி மூச்சு வாங்கினார். பிறகு பொத்தானைப் போட்டுக்கொண்டு, மெதுவாக நடந்து அம்மா முன்னால் போய் நின்றார். தட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அம்மா அடுப்படியைப் பார்த்தபடி நின்றார்.

"என்ர அடுப்பு," என்றார் அம்மா.

மாஸ்டர் வாயைத் திறந்தார். அதற்குள் தெற்கே மெயில், சிக்னல் கிடைக்காமல் விசில் மேல் விசிலாக அடித்துக்கொண்டிருந்தது. அவர் திரும்பி ஸ்டேசனைப் பார்த்து நடந்துவிட்டார்.

ஒருவருக்கும் சிறு கீறல்கூட இல்லை, அகப்பை அடி வாங்கிய பாக் சாலேயைத் தவிர. உடைந்த டுரியான் சைடிங் முழுக்கக் கிடந்தது. "இதை எந்த டவுக்கே முதலாளி வாங்குவான்? சாப்பிடுங்க, சாப்பிடுங்க," என்று பாக் சாலே பாசஞ்சர் ஜனத்தைக் கூப்பிட்டார். மெயில் போனபிறகு மாஸ்டர் கதவைத் திறக்கச் சொன்னார். அன்றைக்கு மாரியம்மனுக்கு விரதம் இருந்தவர்களைத் தவிர எல்லோரும் சாப்பிட்டார்கள். கார்டு விசில் ஊதி ஊதிக் களைத்து, கடைசியில் அவரும் ஒரு சுளை வாங்கிக்கொண்டார். ரயில் புறப்பட்டபோது உறுமி அடித்துக்கொண்டே போனார்கள்.

மறுநாள் விசாரணை. டிராபிக் இன்ஸ்பெக்டர் துரை டிராலியில் வந்து இறங்கினார். ஒல்லியான வெள்ளைக்காரர், முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது. காத்திருக்கும் அறையில் மேசை போட்டு உட்கார்ந்தார். மாஸ்டர் எதிரே நின்றார். நான் வாசலில் நின்றேன். எனக்குத் தெரிந்த ரயில்வே இங்கிலீசுக்கு அவர்கள் பேசியது புரிந்தது.

"சைடிங்கின் முடிவில் இருக்கும் வீடு யாருடையது?"

"ரயில்வேயுடையது, சார்."

"குடியிருப்பது யார்?"

"நான்தான், சார்."

"அந்த நேரம் உள்ளே யாராவது இருந்தார்களா?"

"என் மனைவி இருந்தாள்."

"அது உனக்குத் தெரியுமா?"

"புகை தெரிந்தது, சார்."

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார். பிறகு எழுந்து, வீட்டைப் பார்க்கவேண்டும் என்றார்.

சுவர் இல்லாத அடுப்படியில் அம்மா மூன்று கல்லை வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார். துரை வாசற்படியில் காலை வைத்ததும் நிமிர்ந்து பார்த்தார்.

"வேலு, துரையைச் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வரச் சொல்லு."

"சுவரே இல்லீங்களே அம்மா."

"சுவர்தான் இல்லை. அடுப்படி இருக்கு."

நான் மென்று விழுங்கி மலாயில் சொன்னேன். துரை என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், குனிந்து முழங்கால் வரை இருந்த பூட்சை மெதுவாகக் கழற்றினார். ஒரு காலுறையில் ஓட்டை. அம்மா அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. விசாரணை முடிவு, மாஸ்டர் மேல் தப்பில்லை, புது அடுப்படி கட்டிக் கொடுக்கவேண்டும் என்று வந்தது. டுரியான் வேகனை இனி எங்கே நிறுத்துவது என்பதை மாஸ்டரின் மனைவியிடம் கேட்டுச் செய்யவும் என்று கடைசியில் ஒரு வரி. துரை சிரிக்காமலே அப்படி எழுதக்கூடியவர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் வீட்டுக்குள்ளே விசாரணை முடியவில்லை. அம்மா மாஸ்டரோடு பேசுவதை விட்டுவிட்டார். வேகனைத் திருப்பியதற்காக இல்லை. "அவ்வளவு சனத்தையும் சாகவிடச் சொல்லுறனே?" என்று அவரே என்னிடம் கேட்டார். அவர் மனசில் தைத்தது வேறு. இருவருக்கும் நடுவில் நான் தந்தியாள் ஆனேன்.

"வேலு, உங்கட மாஸ்டருக்குச் சொல்லு, சோறு ஆறுதெண்டு."

மாஸ்டர் இரண்டு கை தூரத்தில்தான் நிற்பார். "வாறன் எண்டு சொல்லு."

"வர்றாராம்மா," என்பேன்.

தச்சர்கள் வந்து சுவர் அடித்து முடித்தார்கள். கூரை போட்டார்கள். பேச்சு மட்டும் வரவில்லை. ஒரு நாள் புது அடுப்புக்கு மண் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா அதைப் பிசைந்துகொண்டே சொன்னார்:

"அண்டைக்கு நான் செத்துப்போனேனோ இருக்கிறேனோ எண்டு பார்க்க வந்த மனுசன், வேலு. கோயில் சுத்துற மாதிரி நடந்தெல்லோ வந்தவர். பொத்தானும் பூட்டிக்கொண்டு. வந்து நிண்டு ஒரு சொல் கதைக்கேல்லை. திரும்பிப் போட்டார்."

"நடந்தா? யாரும்மா சொன்னது?"

"நான் என்ர கண்ணால பார்த்தனான்."

"நீங்க பார்த்தது கொட்டகைக்கு இந்தப் பக்கம். நான் அந்தப் பக்கத்துல பின்னாலயே வந்தேன். ஓடுனாரும்மா. தொப்பி எங்க விழுந்துச்சின்னு அவருக்கே தெரியாது. மெயில் சிக்னல்ல நிக்குது, ஸ்டேசன்ல ஒரு ஆளு இல்ல, சார்ஜை யார்கிட்டயும் ஒப்படைக்கல. அப்படியே போட்டுட்டு ஓடி வந்தாரு. மூலையில உங்களப் பார்த்தப்புறம்தான் நின்னாரு. சுவரப் பிடிச்சிக்கிட்டு நின்னாரு."

அம்மாவின் கை மண்ணிலேயே நின்றுவிட்டது.

"ஓடினவரே?"

"ஒத்தக் கால் சப்பாத்தோட. இன்னொண்ணு கொட்டகை வாசல்ல கெடந்துச்சு. நான்தான் எடுத்துக் குடுத்தேன்."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து நான் பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் அவர் பிளாட்பாரத்துக்கே வந்தார். அத்தனை வருசத்தில் அவர் அங்கே வந்து நான் பார்த்ததில்லை. ஆபீஸ் வாசலில் நின்று நேராக மாஸ்டரைப் பார்த்துச் சொன்னார்:

"இஞ்ச பாருங்கோ. சாப்பிட வாங்கோ."

மாஸ்டர் எழுந்து நின்றுவிட்டார். "இப்ப டியூட்டி..."

"தெரியும். ஓடி வரத் தேவையில்லை. ஆறுதலா நடந்தே வாங்கோ."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் விளக்குக் கண்ணாடியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தேன். அவர் என்னை அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு வாரம் எந்த உத்தரவையும் திருப்பிச் சொல்லச் சொல்லவில்லை.

நல்ல காலம் அப்படியே போகவில்லை. ரப்பர் விலை விழுந்தது. முதலில் ஒரு எஸ்டேட்டை மூடினார்கள், பிறகு மற்றதையும். என்னோடு பால் வெட்டியவர்கள் குடும்பம் குடும்பமாகத் தகரப் பெட்டியோடு எங்கள் பிளாட்பாரத்தில் வந்து உட்கார்ந்தார்கள், ஊருக்குக் கப்பல் ஏற. நான் திட்டு வாங்கிய அந்தக் கங்காணிகூட வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் அவர் பெட்டியை ஏற்றினேன். அந்த மாதங்களைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

ஏற ஆளில்லை, ஏற்றச் சரக்கில்லை. ஸ்டேசனை மூட உத்தரவு வந்தது. மாஸ்டருக்கு ஒரு பெரிய ஸ்டேசனுக்கு மாற்றல். "அங்க வீட்டுக்கும் கோச்சிக்கும் நடுவில ரெண்டு தெரு இருக்காம்," என்று அம்மா சந்தோசமாக வண்டி ஏறினார். கைகாட்டியைக் கழற்றினார்கள், சைடிங்கைப் பெயர்த்தார்கள். என்னைப் பாசஞ்சர் ரயிலில் கார்டாகப் போட்டார்கள்.

எல்லாம் சரி, கம்பம் அங்கேயேதான் இருந்தது. எஸ்டேட்டை மூடினால் பாக் சாலேயின் மக்கள் எங்கே போவார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், சந்தைக்குப் போகவேண்டும். சதுப்பைச் சுற்றி வெளியூருக்கு ரோடு கிடையாது. ஸ்டேசன் இல்லாத இடத்தில் ரயில் நிற்கக் கூடாது என்பது சட்டம். முதல் தடவை ஒரு பிள்ளைத்தாச்சிக்காகச் சிவப்புச் சாரங் கைலியைக் காட்டி நிறுத்தினார்கள். எங்கள் டிரைவர் ராயப்பன் நல்ல மனுசர், நிறுத்தினார். தண்டவாளத்தில் எருமை நின்றதால் ரயில் நின்றது என்று மேலே சொன்னார். அடுத்த வாரம் இன்னொரு எருமை. பிறகு அடிக்கடி எருமை. டுரியான் காலத்தில் தினமும் எருமை.

ஒரு நாள் காலை இன்ஸ்பெக்டர் துரை என் பெட்டியில் ஏறினார். அதே துரை. தலை நரைத்திருந்தது.

"பாயா லாடாவில் எருமைகள் அதிகம் என்று கேள்விப்பட்டேன். பார்க்கவேண்டும்," என்றார்.

ராயப்பனுக்குச் சொல்லியனுப்ப வழியில்லை. வளைவு திரும்பியது. ரயில் வேகம் குறைந்தது, விசில் அடித்தது, நின்றது. துரை சன்னல் வழியே தலையை நீட்டினார். நானும் நீட்டினேன்.

தண்டவாளத்தின் நடுவே நிஜமான எருமைகள் நின்றன. நல்ல கொழுத்த எருமைகள், சேறு வழிய. முன்னால் பாக் சாலே ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, "அலமாக்! அலமாக்! போக மாட்டேங்குதே!" என்று அவற்றை விரட்டிக்கொண்டிருந்தார். விரட்டிய லட்சணத்தில் அவை அசைபோடுவதைக்கூட நிறுத்தவில்லை. துரை வருகிறார் என்று அவருக்கு யார் சொன்னது என்பது இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கேட்டால், "ரயில்வேக்காரன் நீ மட்டும்தானா?" என்பார்.

துரை எருமைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு தலையை உள்ளே இழுத்து மறுபக்கச் சன்னலுக்குப் போனார். அந்தப் பக்கம் கூடைகளோடு பெண்களும், கோழியோடு ஒரு தாத்தாவும், ஒரு முழுக் குடும்பமும் சத்தமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தார்கள். கடைசி ஆள் ஏறினதும் பாக் சாலே நாக்கைச் சொடுக்கினார். எருமைகள் கீழே இறங்கின. ரயில் புறப்பட்டது.

துரை உட்கார்ந்தார். பைப்பைப் பற்றவைத்தார். வேலை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"கார்டு," என்றார் கடைசியில், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "ஏறிய எருமைகளுக்கெல்லாம் டிக்கெட் போட்டுவிடு."